பழனியம்மாள் காட்டுக்குப் போன என் வீட்டுத் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் மலையூரான தேவனூர் நாட்டில் கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வீட்டைப் பார்க்கவா? இல்லை... என் வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் பழனியம்மாளின் மரவள்ளிக் காட்டைப் பார்க்க!

காரணம் இருக்கிறது. மலைச்சரிவில் வீடு கட்டிய கையோடு, வாசல் சேறாகக் கூடாதென்று சுற்றிலும் சிமென்ட் போட்டேன். மழைத்தண்ணீர் வெளியேற ஒரு பெரிய பைப்பும் வைத்தேன். தண்ணீர் காம்பவுண்டைத் தாண்டியது, பிரச்னை தீர்ந்தது. தாண்டி எங்கே போகும்? நமக்கெல்லாம் இதுதானே வழக்கம் — வாசலைத் தாண்டியது எதுவும் நம்முடையது இல்லை!

போன வருஷ மழையில் பழனியம்மாள் யோசிக்க வைத்தார். விரல் பருமன்கூட இல்லாத பிஞ்சுக் கிழங்குகளை ஒரு கூடை கொண்டுவந்து என் வாசலில் கொட்டினார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுத் தண்ணிய எங்க காட்டுக்குத் தாட்டி உட்டுட்டீங்களே! பாதிக் காட்டு மண்ணு அடிச்சுட்டுப் போயிருச்சு. இந்தக் கிழங்கத் தோண்டுனது உங்க தண்ணிதானுங்க. நீங்களே தின்னுங்க."

கூனிக் குறுகிப்போனேன். அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான். "கான்கிரீட்டில் சுவர் எழுப்பிவிடட்டுமா?" என்றேன்.

"செவுரு என்னத்துக்குங்க? தண்ணி சுத்திக்கிட்டு வந்துரும். புல்லு நடுங்க."

நட்டேனே! சிமென்ட்டைப் பெயர்த்தேன். பைப்பை அடைத்தேன். சேந்தமங்கலத்திலிருந்து வெட்டிவேர்ப் புல் நாற்று வரவழைத்து, வாசலிலிருந்து கீழ்வேலி வரை நேர்க்கோடாக இரண்டு வரிசை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூடப் போட்டேன்.

வந்து பார்த்த பழனியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாமி... தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க! மேல இருந்து கீழ நட்டா இன்னும் வேகமால்ல வரும்? சரிவுக்குக் குறுக்கால நடோணுமுங்க."

அத்தனையையும் பிடுங்கினோம். கட்டட வேலைக்குப் போகும் அவர் வீட்டுக்காரர், தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்துக் கொடுத்தார். சரிவுக்குக் குறுக்கே, ஒவ்வொன்றும் ஒரே மட்டத்தில், மூன்று வரிசை நட்டோம். ஒரு வாரம் எனக்கு இடுப்பு நிமிரவில்லை. புல் மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமைதான் பரீட்சை. செம்மண் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் முதல் வரிசையில் முட்டியது. நின்றது. மண்ணை அங்கேயே விட்டுவிட்டு, புல்லுக்கு நடுவே மெதுவாகக் கசிந்தது. மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது... அட, நூல் நூலாகத்தான் ஓடியது! கீழே மரவள்ளி ஒரு செடி சாயவில்லை. இந்த வயதில் மழையில் நனைந்துகொண்டு தன்னந்தனியாகச் சிரித்தேன். அப்படியொரு நிம்மதி!

தனியாக இல்லையாம். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பழனியம்மாளும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் கிழங்கு கொண்டாந்து தாரனுங்க!" என்று அங்கிருந்தே கத்தினார். "இந்தத் தடவ நானே தோண்டித் தாரேன்!"