எழுப்பப் போன வீடு

அம்பிட்டியவில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அதில் ஒரு முஸ்லிம் தையல்காரர் வாடகைக்கு இருந்தார். நாங்களோ கண்டி டவுனில், என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில், ஒரே அறையில் ஒடுங்கிக் கிடந்தோம். தலைப்பிள்ளையைச் சொந்த வீட்டில்தான் பெறுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

என் பிடிவாதம் தாங்காமல் அவர் பிறக்கிராசி என்று நாங்கள் சொல்லும் வக்கீலிடம் சட்டம் கேட்கப் போனார். ஒரு முழு மாதத் தவணை கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும், போகாவிட்டால் வழக்கு, தீர்ப்புக்குப் பிறகும் கோர்ட்டு ஆள் வந்துதான் குடியிருப்பவரை எழுப்பலாம் என்றாராம். கடிதம் போயிற்று. தையல்காரர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். மாதம் முடியுமுன் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

அவர் மனைவி இத்தா இருந்தாள். அந்தக் காலம் முடியும்வரை விதவை வீட்டை விட்டுப் போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. "வழக்குப் போடுங்கள், சட்டம் உங்கள் பக்கம்" என்றார் பிறக்கிராசி. என் வீட்டுக்காரர் அவள் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பினார். இந்த மனுஷனை நம்பினால் ஆகாது என்று ஏழு மாத வயிற்றோடு நானே போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு என்னைவிடப் பெரிய வயிறு. பிள்ளை பிறக்கும் வரைக்கும் இத்தாவாம். "பெத்துப் பொழைங்க, அப்புறம் பேசலாம்" என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். பாதி அவளுக்காக, பாதி என் வீட்டுக்காக.

அவளுக்கு மகன் பிறந்த மூன்றாம் நாள் ஆள் அனுப்பினாள்: இத்தா முடிந்தது, நாளைக்கு வீட்டைத் தருகிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிறைமாதம் என்றும் பாராமல் மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன். மூட்டைகள் கட்டியாகிவிட்டன.

"பச்ச ஒடம்போட எங்க போறீங்க? நாப்பது நாள் கழியாம வாசப்படி தாண்டினா பாருங்க!"

"தவணை எப்பவோ முடிஞ்சி போச்சு, தங்கச்சி. உங்கட புள்ளையும் வீட்டுக்குத்தானே காத்துக்கிட்டு இரிக்கி" என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், இடுப்பு வெட்டியது. அவள் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்திருந்த மருத்துவச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரர் மனைவி கட்டிய மூட்டையை அவிழ்த்துத் தன் பாயை விரித்தாள். என் மகள் சொந்த வீட்டில்தான் பிறந்தாள்.

இரண்டு பேரும் ஒரே அறையில் பிள்ளைகளோடு கிடந்தோம். "ஒருத்தியை எழுப்பச் சொன்னால் இன்னும் இரண்டு பேரைக் குடிவைத்திருக்கிறீரே" என்று பிறக்கிராசி என் வீட்டுக்காரரைக் கேலி செய்தாராம். அவளுக்கு நாற்பது கழிந்ததும் தெல்தோட்டையிலிருந்து தம்பி கூட்டிப்போக வந்தான். அவள் சாவியை நீட்டினாள். வாங்க எனக்குக் கை வரவில்லை.