காயாத அரக்குத் துளி

என் பூசை மாடத்தில், விளக்குக்கும் திருநீற்றுக் கிண்ணத்துக்கும் நடுவே, உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டொன்று இருக்கிறது. அதன்மேல் இரண்டு அரக்குத் துளிகள். ஒன்று தேன் நிறத்தில் தெளிந்து, மேடு பள்ளமின்றி இறுகியிருக்கிறது. மற்றொன்றில் ஒரு கட்டைவிரலின் ரேகை பதிந்திருக்கிறது. அது என் விரல்.

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம் அது. குன்னூர் ஏலத்துக்கு அனுப்பிய தூள் வாங்குவாரின்றிக் கிடந்தது. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓடியது. வேலையிலிருந்து நிறுத்தப்படுவோரின் பட்டியலை, ஆபீஸ் கிளார்க் என்ற முறையில், நானே தட்டச்சு செய்தேன். அதில் கடைசி இடம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. அது எனக்கா, தச்சுப் பட்டறை ஆசாரியாருக்கா என்று துரை இன்னும் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரரே ஆனாலும் மேலாளரை நாங்கள் துரை என்றே அழைத்தோம். ஆசாரியார் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர்.

ஒரு வியாழக்கிழமை காலை உத்தரவு வந்தது. தோட்டத்தை விலைக்குப் பார்க்க வருவோருக்கு ஞாயிறன்று பங்களாவில் விருந்து. கறை படிந்த சாப்பாட்டு மேசை அதற்குள் பளபளக்க வேண்டும். ஸ்டோரில் முன்பே கலந்து அடைத்த அரக்குப் பாலிஷ் டின் ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. திறந்து பூச வேண்டியதுதானே என்று எடுத்துக் கொடுத்தேன். ஆசாரியார் தயங்கினார். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்ட அரக்கு நாள்பட்டால் காயும் குணத்தை இழந்துவிடுமாம். தம்மிடமிருந்த அரக்குச் செதில்களைப் புதிதாகக் கரைத்துப் பூசுவதே நல்லது. ஆனால் அவை கரைய ஓர் இரவும் ஒரு பகலும் வேண்டும். நான் ஒப்பவில்லை. அவர் வாதாடாமல் டின்னிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டார்.

"மதியத்துக்குள்ள இது காஞ்சா ஒங்க டின்னுதான் ஐயா. காயலன்னா என் செதிலு."

செதில்களை ஒரு சாடியில் ஊறவைத்துவிட்டு அவர் பழைய பூச்சைச் சுரண்டத் தொடங்கினார். பதிகம் ஓதாமல் நான் பச்சைத் தண்ணீரும் பருகாதவன். அன்றும் உதடுகள் ஓதிக்கொண்டுதான் இருந்தன. நெஞ்சமோ பட்டியலின் கடைசி வரியிலேயே நின்றது. நண்பகலில் துரை ஆபீஸுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, போய்ப் பார்க்காமலே, முதல் பூச்சு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் பங்களாவுக்கு ஓடினேன். சன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கியிருந்தது. மேசை வெறும் மரமாய்க் கிடந்தது. கண்ணாடித் துளியில் கட்டைவிரலை வைத்தேன்; பிசின்போல் ஒட்டிற்று. அந்த நேரத்தில் துரை உள்ளே வந்தார்.

"என்னப்பா, மேசைக்கு மொட்டையடிச்சு உட்டுப்போட்டு நீ குளிர் காயறயா?" என்று ஆசாரியாரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பூச்சு முடிஞ்சதுன்னு சொன்னீங்களே, ஆரு சொன்னது உங்களுக்கு?"

ஒட்டிய கட்டைவிரலைத் துளியிலிருந்து பிய்த்தெடுத்தேன்.

"நாந்தாங்க ஐயாகிட்ட அப்பிடிச் சொன்னேன்," என்றார் ஆசாரியார், கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைக்காமலே.

வெள்ளி மாலை செதில்கள் கரைந்தன. முதல் துளியின் அருகில் அவர் விட்ட இரண்டாம் துளி சில நிமிடங்களில் காய்ந்தது. ஞாயிறு காலைக்குள் மேசை முகம் பார்க்கும்படி ஆயிற்று. விருந்தும் குறைவின்றி நடந்தது. திங்களன்று துரை கடைசிப் பெயரைச் சொன்னார். வேலை தங்கம்தான், ஆனால் பொய் சொல்கிறவனை வைத்துக்கொண்டு தோட்டம் நடத்த முடியாது என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. நான் ஆசாரியாரின் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

அவர் விடைபெற வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஒங்களுக்கு மூணு பொம்பளப் புள்ளைக. எனக்கு உளி இருக்குங்க," என்றார். கண்ணாடித் துண்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மகள்கள் மூவரும் அந்தச் சம்பளத்தில்தான் படித்துக் கரையேறினார்கள். ஒவ்வொரு விடியலிலும் நெஞ்சுருகும் அடிகளை ஓதும்போது கண் அந்தத் துண்டின்மேல் போய் நிற்கிறது. காயவே காயாது என்றிருந்த அந்தத் துளியும் எப்போதோ இறுகிவிட்டது. சில நாள்களில் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். ரேகை இன்னும் பொருந்துகிறது.