சுரங்கத்துக்கு வெள்ளையடித்த நாள்

தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்புத் தூள்... நிலக்கரிச் சுரங்கம் என்றாலே எனக்கு அந்த ருசிதான் ஞாபகம் வரும்.

மைனிங் படித்துவிட்டு, வடக்கே ஒரு சுரங்கத்தில் சேஃப்டி பிரிவில் சேர்ந்த புதிது. செங்கல்பட்டிலிருந்து அவ்வளவு தூரம் போனவளுக்கு, தமிழ் பேச அங்கே ஒரே ஆள் மாமல்லபுரத்து செல்வம் அண்ணன். வெடி வைப்பது அவர் வேலை.

கரித்தூள் தரையில் கிடக்கும்வரை சாது. எங்கேயாவது சின்னதாக ஒரு நெருப்பு பற்றி, அந்த வேகத்தில் தூள் காற்றில் எழும்பினால் போச்சு... சுரங்கம் முழுக்க வெடித்துக்கொண்டே போகும். அதனால்தான் மேலே சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி வைப்போம். அது எரியாது, நெருப்பையும் அமுக்கிவிடும்.

அன்று காலை ஒரு பாதையில் வெள்ளையே தெரியவில்லை. எல்லாம் கரி மூடிக் கிடந்தது.

"அண்ணா, இப்ப வெடி வேணாம். மொதல்ல தூள் போட்டுடலாம்."

"இன்னா தங்கச்சி, பேஜார் பண்ற? எல்லாம் ரெடியா கீது. நாளைக்கு போட்டுக்கலாம்."

"தூள் போடாம, வெடிக்கறதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேண்ணா."

சூப்பர்வைசர் முறைத்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் செல்வம் அண்ணனே முணுமுணுத்துக்கொண்டு ஒரு மூட்டையைப் பிரித்தார். சுவர், கூரை, தரை என்று எல்லோருமாக வீசினோம்.

"பொங்கலுக்கு என் வூட்டுக்கே நான் வெள்ளையடிச்சதில்ல," என்றார்.

அப்புறம்தான் வெடி வைத்தார். பாதையின் முனையில் எங்கேயோ மீத்தேன் வாயு தேங்கியிருக்கிறது, சோதித்தபோது சிக்கவில்லை. பெரிய சத்தம்... முகத்தில் அறைந்த சூடான காற்று. அண்ணன் தூக்கி எறியப்பட்டு, கை எலும்பு முறிந்தது. ஆனால் தீ எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் வீசிய சுண்ணாம்புத் தூளிலேயே அடங்கிவிட்டது. எல்லோரும் உயிரோடு மேலே வந்தோம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவர் கிட்டே வரச்சொன்னார்.

"பொண்டாட்டிக்கு போன் போட்டேன். கை ஒடஞ்சத மட்டும்தான் சொல்லிக்கீறேன். மிச்சத்த நீயும் சொல்லிடாத, இன்னா?"

அவர் இப்போது ஊரிலேயே ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். நான் சிறுசேரியில், ஏசி ஆபீஸில்.

போன வாரம் ஃபயர் டிரில் மணி அடித்தது. ஒருவர்கூட சீட்டை விட்டு எழவில்லை. சுரங்கத்தில் பக்கத்து ஆளைப் பார்க்காமல் யாரும் மேலே ஏற மாட்டோம். இங்கே பக்கத்து சீட்டில் இருப்பவர் பெயரே எனக்குச் சரியாகத் தெரியாது...

படியிறங்கி வெயிலில் போய் நின்றேன்.

"வேற யாரும் வர்லியா மேடம்?" என்றார் செக்யூரிட்டி.

திரும்பி மேலே ஏறினேன், கூப்பிட.