வளர்மதி சொன்ன கடைசிப் பாகம்

பூலாம்பாடியில் வளர்மதியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் தமிழரசனின் வெங்காயப் பட்டறையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அவள் இல்லாத நாள் நகராது. வாயைத் திறந்தால் அப்படி ஒரு பேச்சு. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொன்னால்கூட அதில் கண்டக்டர் பேசுவார், டிரைவர் பேசுவார், பின்சீட்டில் ஒரு கிழவர் இருமுவார். இப்படிப்பட்டவளை ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்களே, நல்லா இருப்பார்கள்!

சின்ன வெங்காயம் காட்டிலிருந்து தாளோடு வந்து குவியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு, தாளையும் வேரையும் அரிந்து தள்ள வேண்டும். கண் அலகை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வளர்மதியின் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தால் போதும், அதற்கு நுனி கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்ததில் போனது. அதிலிருந்து அவளுக்கு அரிகிற வேலை இல்லை. அரிந்ததைப் பெரிசு, பொடிசு, அழுகல் என்று பிரித்துப் போடும் வேலைதான். கை அதுபாட்டுக்குப் பிரிக்கும், கண் சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருந்த கண்ணால்தான் இத்தனையும் வந்தது.

சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் சத்யப்பிரியா, போன தீபாவளிக்கு வந்தபோது, அம்மாவின் போனில் தொடர் பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். வளர்மதி அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தன் பக்கம் பார்த்தபடி சாய்த்து வைத்தாள். மற்றவர்களுக்குக் காது மட்டும். பேச்சு இல்லாமல் படம் மட்டும் ஓடும் இடங்களில் வளர்மதி வாயால் சொல்ல வேண்டும். இப்படித்தான் எட்டுப் பாகம் உள்ள ஒரு தொடரை அவர்கள் ‘பார்த்தார்கள்’.

அது வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். கதாநாயகன் துப்பறிகிறவன். சூப்பர் ஹீரோதான், ஆனால் பறக்க மாட்டான், நெருப்புக் கக்க மாட்டான். ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்தால் அந்த இடத்தில் என்றைக்கோ பேசியதெல்லாம் அவன் காதில் விழும். அதை வைத்துக் கொலைகாரனைப் பிடிப்பான். அவன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் செவுத்துக்காரன் ஆனான்.

“ஏண்டி வளரு, எங்க வூட்டு செவுத்துல அவன் கைய வச்சான்னா காதுல ரத்தம் வந்துடும்டி” என்றாள் வெற்றிச்செல்வி. அவளும் அவள் வீட்டுக்காரரும் சண்டை போடாத நாளை ஊரே தேடிக்கொண்டிருக்கிறது.

வட்டத்திலேயே சின்னவளான சுகன்யாவுக்குத் தொடர் அவ்வளவாக ஒட்டவில்லை. “என்னாக்கா இவன், கொத்தனாரு பூச்சு பாக்குற மாதிரி செவுத்தத் தடவிக்கிட்டே இருக்கான். ஒருத்தன எடுத்துப் போட்டு சாத்த வேணாமா?”

அம்சவள்ளி மட்டும் கொலையைப் பற்றியும் கேட்க மாட்டாள், கொலைகாரனைப் பற்றியும் கேட்க மாட்டாள். அவளுக்கு ஒரே கேள்விதான்.

“அவங்க ஆத்தாளப் போயிப் பாத்தானா?”

செவுத்துக்காரனுக்கு ஒரு அம்மா உண்டு. ஏதோ ஒரு பேச்சில் முறைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு பாகத்திலும் அவன் போனை எடுத்து அம்மாவின் நம்பரைப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பான். பேச்சே இல்லாத இடம். வளர்மதிதான் சொல்ல வேண்டும். “எடுத்துட்டான்... பாக்குறான்... அய்யோ, வச்சிட்டான்க்கா.” அப்போது அம்சவள்ளியின் அரிவாள்மனை ஒரு நொடி நிற்கும். “படுபாவி” என்பாள். பிறகு மறுபடியும் அரியத் தொடங்குவாள்.

ஏன் நிற்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் மகன் அறிவழகன் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். பெண் எடுத்ததும் அங்கேதான், குடியிருப்பதும் மாமனார் வீட்டோடுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவன் குழந்தைக்குக் காது குத்தியபோது, அத்தனை சம்பந்திமார் நடுவில் அம்சவள்ளி வாய் தவறி ஒரு சொல்லை விட்டுவிட்டாள். “எம்மவன் எங்க இங்க இருக்கான், மாமியா வூட்டுக்கு மாவாட்டப் போயிட்டானே!” சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. அறிவழகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவன், இதுவரை திரும்பிப் பார்க்கவில்லை. “பெத்தவ நானு. அவனே வரட்டும்” என்று இவள் இங்கே உட்கார்ந்துவிட்டாள். பெரம்பலூர் போய், அரியலூர் பஸ் ஏறினால் அரை நாள் பயணம். இரண்டு வருடமாக அந்த அரை நாள் கிடைக்கவில்லை!

வளர்மதிக்கு ஒரு பழக்கம் உண்டு. மறுநாள் பட்டறையில் ஓடப்போகும் பாகத்தை முந்தின சாயங்காலமே வீட்டில் பார்த்துவிடுவாள். ஏடாகூடமான காட்சி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “கைகுடுத்துப் பேசிக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் அந்த வியாழக்கிழமை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கடைசிப் பாகத்தைப் போட்டாள். சோறு குழைந்து கஞ்சியானது. அவள் எழுந்திருக்கவில்லை.

அம்மா செத்துப்போகிறாள். மகன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குள் போய் அவன் சுவரில் கை வைக்கிறான். அவ்வளவு வருடமும் அவள் தினம் அந்தச் சுவரிடம் பேசியதெல்லாம் அவனுக்குக் கேட்கிறது. “சாப்டியா கண்ணு? இன்னிக்கு வருவியா?” முடிந்தது தொடர்.

வளர்மதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசெல்லாம் அம்சவள்ளிதான். இதை எப்படி அவள் காதில் போடுவது? வீட்டுக்குப் போய் அவளும் சுவரைப் பார்த்துத்தானே படுக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை பட்டறையில் போனைக் கையில் எடுத்தாள், தட்டினாள், உதறினாள். “நெட்டு சுத்துதுடி. நான் வூட்டுல பாத்துட்டேன், வாயாலயே சொல்லிடறேன்” என்றாள். யாருக்கும் வருத்தமில்லை. அவள் வாயால் கேட்பதுதான் அவர்களுக்கும் பிடிக்கும்.

ஆரம்பத்தை உள்ளபடியே சொன்னாள். கொலைகாரன் பிடிபட்டான். அதன் பிறகு செவுத்துக்காரனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவன் அம்மாவைக் கையில் எடுத்தாள். “அந்தம்மா காலையில எந்திரிச்சா. இவன் வரமாட்டான், நாமதான் போவணும்னு தோணிடுச்சு. நாலு அதிரசம் சுட்டா. தூக்குவாளியில போட்டா. பஸ் ஏறிட்டா.” வழியில் சில்லறைக்குக் கண்டக்டர் சண்டை போட்டார். பக்கத்து சீட்டுக்காரி ஊர் விசாரித்தாள். கடைசியில் மகன் கதவைத் திறந்தான், அம்மா மடியில் விழுந்தான். அதற்குமேல் வளர்மதிக்கே அழுகை வந்துவிட்டது. வெற்றிச்செல்வி வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு மூக்கைச் சிந்தினாள்.

அம்சவள்ளி கையிலிருந்ததை அரிந்து தள்ளினாள். “அவளே போனாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“அவளேதான்க்கா.”

இதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. பெரம்பலூரில் பிரேம் என்று ஒருவன் யூடியூபில் படங்களுக்கும் தொடர்களுக்கும் விமர்சனம் சொல்கிறான். நம்ம ஊர் ரசிகர்கள் கருத்து சொல்லுங்கள், குரலாக அனுப்புங்கள் என்று கேட்டிருந்தான். வேலை முடிந்து கை கழுவும்போது சுகன்யா போனை நீட்ட, ஆளாளுக்குப் பேசினார்கள். அடிதடி பத்தவில்லை என்றாள் சுகன்யா. செவுத்துக்காரனைத் தன் வீட்டுப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்றாள் வெற்றிச்செல்வி. அம்சவள்ளியும் பேசினாள். “கடசியில அதிரசத்த எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனா பாரு, அவ பொம்பள!” வளர்மதி கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

திங்கட்கிழமை அம்சவள்ளி வேலைக்கு வரவில்லை.

“காலையில மொத பஸ்ல போயிட்டா” என்றாள் அடுத்த வீட்டுக்காரியான வெற்றிச்செல்வி. “ரெட்டிபாளையத்துக்கு. நேத்து பூரா அதிரசம் சுட்டா. தெருவே மணத்துச்சு.”

வளர்மதியின் கை அழுகலைப் பெரிசோடு போட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுகன்யா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிரேம் வீடியோ போட்டுவிட்டான். அவர்கள் குரலையெல்லாம் ஓடவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தான். “பூலாம்பாடி அக்காங்களா, நீங்க எந்த சீரிஸ் பாத்தீங்க? அந்த அம்மாதான் செத்துட்டாங்களே! அந்த ஊர்ல அதிரசத்துக்கு எங்க போவாங்க?” கீழே கருத்துகள் அதைவிட மோசம். ‘அக்கா, வெங்காயத் தோல் கண்ணை மறைச்சிடுச்சா?’ என்று ஒருவன். அதற்கு நானூறு பேர் லைக். வெங்காயம் அரிந்து பார்த்திருந்தால் அவனுக்கு விரலே மிஞ்சியிருக்காது, பெரிய பேச்சு!

“என்னடி இது?” வெற்றிச்செல்வி எழுந்தேவிட்டாள். “ஊரே எங்களப் பாத்துச் சிரிக்குது. நீ சொன்னது அம்புட்டும் பொய்யா?”

“கடைசி மட்டுந்தான்க்கா” என்றாள் வளர்மதி. “அம்சாக்காவுக்கு அதச் சொல்ல எனக்கு மனசு வல்ல.”

“சொல்ல மனசு வல்லன்னா சும்மா இருக்கறது. பஸ் ஏத்தி அனுப்பிட்டியேடி! அவன் கதவத் தொறக்கலன்னா? அத்தன பேரு முன்னாடி மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசி அனுப்பிட்டான்னா? அவ உசுரு தாங்குமா?”

வளர்மதியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கதையில் கதவைத் திறந்தது அவள்தான், மடியில் விழவைத்ததும் அவள்தான். ரெட்டிபாளையத்துக் கதவு அவள் சொல்லைக் கேட்குமா? அம்சவள்ளியின் பட்டன் போனுக்கு அடித்தாள். அணைந்து கிடந்தது. அன்று முழுக்கப் பதினோரு தடவை அடித்தாள். சாயங்காலம், இனிமேல் யாருக்கும் எந்தக் கதையும் சொல்வதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது மொட்டை போடுவதைவிடப் பெரிய வேண்டுதல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் அம்சவள்ளி வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையை மிதித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வளர்மதி பிரிப்பதை நிறுத்திவிட்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் உனக்குப் பொய் சொல்லிட்டேன். அந்தம்மா பஸ் ஏறல. அதிரசம் சுடல. மவன் வர்றதுக்குள்ள செத்துப்போயிட்டா. அவன் வந்து செவுத்துல கை வச்சிக்கிட்டு அழுவுறான். அந்தம்மா தெனமும் அந்தச் செவுத்துக்கிட்ட, சாப்டியா கண்ணு, வருவியா கண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அதான்க்கா நெசக் கதை. என்னய ரெண்டு அடி அடிச்சிடு.”

அம்சவள்ளி கையிலிருந்த வெங்காயத்தை அரிந்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“மருமவதான் கதவத் தொறந்தா” என்றாள். “சம்பந்தியம்மா காப்பி குடுத்தா. அவன் ஷிப்டு முடிஞ்சி ஒடம்பெல்லாம் சிமெண்டோட வந்தான். என்னயப் பாத்தான். ஒரு வார்த்தை பேசல. குளிக்கப் போனவன் அர மணி நேரம் வெளிய வல்ல. மடியிலயும் வுழுவல, ஒண்ணும் வுழுவல.”

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நானும் பேசல. அதிரசத்த எடுத்து வச்சேன். வெளிய வந்தான், தின்னான். எம்போனு செத்துக் கெடக்கறதப் பாத்துட்டு அவனே எடுத்து சார்ஜ் போட்டான். காலையில வண்டியில வச்சி அரியலூரு பஸ்டாண்டுக்குக் கொண்டாந்து வுட்டான். அப்பயும் பேச்சில்ல. பஸ்ஸு கெளம்பறப்ப ஜன்னலண்ட வந்து, ‘போயி எறங்குனதும் ஒரு போன் அடி’ன்னான்.” அம்சவள்ளி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அடிச்சேன்டி. வந்து சேந்துட்டேன்டான்னேன். ‘சரிம்மா’ன்னான். ரெண்டு வருசம் கழிச்சி, சரிம்மான்னான்டி.”

வெற்றிச்செல்வி இந்தத் தடவை வெங்காயத்தைச் சாக்குச் சொல்லவில்லை, வாய்விட்டு அழுதாள். சுகன்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரேமின் வீடியோவைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். ஊரே சிரிப்பதையும் சொன்னாள்.

“சிரிக்கட்டும். அந்தப் புள்ளைக்கு இன்னொரு தடவ பேசி அனுப்பலாமா?” என்றாள் அம்சவள்ளி.

சுகன்யா போனை நீட்டினாள். அம்சவள்ளி காலை அரிவாள்மனையிலிருந்து எடுத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அலகை விட்டுக் கண்ணை நிமிர்த்தி, போனைப் பார்த்துப் பேசினாள்.

“தம்பி, நான்தான் அந்த அதிரசக்காரி பேசுறேன். நீங்க பாத்த படத்துல ஆத்தா செத்துட்டாளாம், இப்பதான் சொன்னாங்க. எடுத்தவங்க தப்பா எடுத்துட்டாங்க சாமி. பெத்தவ பேசறத செவுரு கேட்டு என்னா ஆவப் போவுது? மவனுல்ல கேக்கணும். எங்க வளரு சொன்னாளே, அதான் சரியான படம்.”