அவர் மூடாமல் விட்ட பிழை

செவ்வாய்க்கிழமை காலை, பால் காய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மாரெட்பள்ளியிலிருந்து டேனியல் பேசினான்.

"ஆண்ட்டி, மம்மி போய்ட்டாங்க ஆண்ட்டி. தூக்கத்துலயே. நேத்து நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க."

தமிழ் அவனுக்கு அவ்வளவுதான் வரும். மீதியைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சொல்லி முடித்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திருமதி தேவகிருபை சாமுவேல் அவர்கள் காலமான செய்தி எனக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

நம் சங்க மலருக்காக அவரைப் பற்றி எழுதும்படி கேட்ட ஆசிரியர், "கொஞ்சம் கனிவா எழுதுங்கம்மா" என்றும் சொல்லிவைத்தார். கனிவுப் பணியை வேறொருவர் ஏற்கெனவே முடித்துவிட்டார். தேவாலய மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய முன்னாள் மேலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்: "தேவகிருபை மேடம் எனக்கு அக்கா மாதிரி. அவங்க சர்வீஸ்ல ஒரே ஒரு தப்பு நடந்தது. ஒரு பேஷண்ட் விஷயம். அதை நாங்க அன்னிக்கே மன்னிச்சிட்டோம்."

முன்வரிசையில் இருந்த டேனியல் தலை குனிந்தான். அந்தப் 'பேஷண்ட் விஷயம்' என்னவென்று கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரியும், தவறாகத் தெரியும். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். மேலாளரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. தேவகிருபை அம்மையாரின் அஞ்சலியில் அவர் பெயருக்கு இடம் ஒதுக்க எனக்கு மனமில்லை.

அம்மையாரும் நானும் ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய பொதுத்துறை மின்னணு ஆலையில், கணிப்பொறிப் பிரிவில் ஒன்றாகப் பணிபுரிந்தோம். அவருடைய பாட்டனார் ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத் வந்தவர். ஆகவே அம்மையாரின் தமிழில் பாதி நெல்லை, பாதி செகந்திராபாத். மறுப்பதற்கு அவரிடம் ஒரே சொல் இருந்தது: நக்கோ. வேண்டாம், முடியாது, மாட்டேன், எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு முறை, சோதனை முடிவதற்கு முன்பே சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்ன உயரதிகாரியிடம் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "கைக்கு சார், ஏன் இவ்வளவு அவசரம்? டெஸ்ட் முடியட்டும், போடுதேன். பேனா எங்கியும் ஓடிப்போவாது."

விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது இருவரும் வெளியேறினோம். நகரமெங்கும் மென்பொருள் நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பேகம்பேட்டில், மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் அவர் நிரலாளராகவும் நான் தரச் சோதனைப் பொறுப்பாளராகவும் சேர்ந்தோம். நரைத்த தலையோடு இரண்டு பெண்கள் இளைஞர்கள் நடுவே போய் உட்கார்ந்ததைப் பலர் வேடிக்கை பார்த்தார்கள். அதைப் பற்றி அம்மையார் கவலைப்பட்டதில்லை.

அந்த அலுவலகத்தில் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு பிழைப் பதிவுக் கருவி இருந்தது. டிராக்கர் என்போம். மென்பொருளில் குறை கண்டவர் அதில் ஒரு பிழையைத் 'திறப்பார்'. சரிசெய்யப்பட்டபின் அதை 'மூட' வேண்டும். அதற்கு இரண்டு சட்டங்கள். திறந்தவர் மட்டுமே மூடலாம். மூடும்போது டிராக்கர் நிரல் கிடங்கைக் கேட்கும்: இந்தப் பிழைக்காக யாராவது நிரலைத் திருத்தியிருக்கிறார்களா? இல்லையென்றால் மூட விடாது. கிடங்கு என்று நான் சொல்வது, நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயரோடு சேமித்துவைக்கும் அமைப்பை. எளிமையான, நேர்மையான ஏற்பாடு. ஆகவே சிலருக்கு இடைஞ்சலான ஏற்பாடு.

அம்மையார் திறந்த பிழைகளில் ஒன்று இரத்தப் பரிசோதனை அறிக்கை பற்றியது. ஒரே பெயரும் ஒரே வயதும் கொண்ட இரண்டு நோயாளிகள் ஒரே நாளில் வந்தால், ஒருவரின் அறிக்கை மற்றவருக்குப் போய்விடும். இதைச் சரிசெய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது என்று அவர் எழுதியிருந்தார். மென்பொருள் அனுப்பப்பட்டது. இந்த ஊரில் லட்சுமிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு லட்சுமியின் சர்க்கரை அளவைப் பார்த்து இன்னொரு லட்சுமிக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் நினைவிழந்தார். பிழைத்தது மருத்துவர்களின் திறமையால்.

விசாரணையில் டிராக்கரைத் திறந்து பார்த்தார்கள். பிழை மூடப்பட்டிருந்தது. மூடியவர்: தேவகிருபை சாமுவேல்.

"நான் மூடல" என்றார் அம்மையார்.

"டிராக்கர் பொய் சொல்லாது மேடம்" என்றார் மேலாளர். எங்களைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். "வயசாவுது, மறந்திருப்பீங்க. பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மையாரை மருத்துவமனைப் பணியிலிருந்து எடுத்து, தண்டனையாக டிராக்கரைப் பராமரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கழிப்பறையை ஒட்டிய மேசை. அவர் போகும்போது இளைஞர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண்மணி, "உங்களாலதானே அந்த லேடிக்கு அப்டி ஆச்சாம்?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நல்ல பெயர் ஒன்றைத் தவிர வேறெதையும் சேர்த்துவைக்காதவர் அவர். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவரைத் தண்டித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. பூட்டைச் செய்யும் இடத்துக்கே அவரை அனுப்பிவிட்டார்.

சில மாதங்களில் நிறுவனம் வேறொரு நிரல் கிடங்குக்கு மாற முடிவு செய்தது. பழைய டிராக்கர் பழைய கிடங்கோடு மட்டுமே பேசும். அந்தப் பேச்சும் நிரலில் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது. எந்தக் கிடங்கு வந்தாலும் ஒரே இடத்தில் பேசிக்கொள்ளும்படி அதைத் திருத்தி அமைப்பது அம்மையாரின் வேலை. ரீஃபாக்டரிங் என்பார்கள். அதன் முதல் விதி, உள்ளே எதை மாற்றினாலும் வெளியே நடப்பது மாறக் கூடாது என்பது. வீட்டின் மின்கம்பிகளை முழுவதும் மாற்றினாலும் அதே பொத்தானுக்கு அதே விளக்கு எரிய வேண்டும்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த என்னை அவர் தன் மேசைக்கு அழைத்தார்.

"லோகா, இங்க பாரு."

நான்கு இடங்களில் மூன்று ஒரே மாதிரி இருந்தன. நான்காவதில் சில வரிகள் அதிகம். மூடுபவர் மேலாளராக இருந்தால் கிடங்கைக் கேட்க வேண்டாம். எந்தப் பிழையையும் மூடிவிடு. மூடியவர் என்ற இடத்தில் திறந்தவரின் பெயரையே போட்டுக்கொள். இதுதான் அந்த வரிகளின் பொருள். காலாண்டு முடிவில் பிழைகள் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட கொல்லை வாசல்.

நான் முதலாளியின் அறைப் பக்கம் திரும்பினேன். "இப்பவே முதலாளிகிட்ட கொண்டுபோய்க் காட்டு."

"நக்கோ. காட்டினா, மேனேஜர் சோதனைக்கு வெச்சதும்பான். இப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு அவன் வாயாலேயே சொல்லணும். நாலு பேரு கேக்கணும்."

"எப்படிச் சொல்வான்?"

"விதியைக் கேப்பேன். நான் விதிப்படி நடக்கறவதானே?"

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் இருந்தோம். முதலாளி தெலுங்கர், சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். அம்மையார் எழுந்து மேலாளரைப் பார்த்து நின்றார். குரலில் அத்தனை பணிவு.

"சார், ஒரு சின்ன சந்தேகம். பழைய டிராக்கர்ல உங்க பேருக்குன்னு தனியா ஒரு வழி இருக்கு. யாரு திறந்த பிழையையும் நீங்க மூடலாம். திறந்தவங்க பேரு விழுந்துரும். ரீஃபாக்டரிங்ல நடக்கறதை மாத்தக் கூடாதுல்லா? அதனால புதுசுலயும் அதை வெச்சுரட்டுமா?"

"ஏமிட்டி இதி?" என்ன இது என்று முதலாளி நிமிர்ந்தார்.

மேலாளர் சிரித்தார். "அப்படி எதுவுமே கிடையாது சார். மேடம் எதையோ தப்பாப் படிச்சிருக்காங்க."

"இல்லைங்கியளா சார்?"

"இல்லவே இல்ல மேடம்."

"அப்போ இல்லாததை நான் புதுசுல கொண்டுபோவ வேண்டாம்?"

"வேண்டாம், வேண்டாம். வேலையைப் பாருங்க."

"ஹவ் சார்" என்று செகந்திராபாத் பாணியில் ஆமோதித்துவிட்டு அவர் உட்கார்ந்தார். மேசைக்கடியில் என் கையை ஒரு முறை அழுத்தினார். எங்கள் நீண்ட நட்பில் அவர் என் கையைப் பிடித்தது அன்று மட்டும்தான்.

புதிய டிராக்கர் ஒரு திங்கட்கிழமை காலையில் பயன்பாட்டுக்கு வந்தது. கூட்ட அறைச் சுவரில் புரொஜெக்டர் வழியே அதன் பட்டியல் விழும். பழைய பதிவுகளை ஏற்றிக்கொண்டபோதே, மூடப்பட்ட ஒவ்வொரு பிழைக்கும் திருத்தம் இருக்கிறதா என்று அது கிடங்கைக் கேட்டது. இல்லாதவற்றையெல்லாம் மறுபடி திறந்து, சிவப்பில் காட்டியது. சுவர் மேலிருந்து கீழ்வரை சிவந்தது. அன்று மருத்துவமனைத் தரப்பிலிருந்து ஒரு டாக்டர் அம்மாளும் வந்திருந்தார்.

"இவன்னீ எவரு மூசாரு?" இவற்றையெல்லாம் யார் மூடியது என்று கேட்டார் முதலாளி.

அந்தந்தப் பிழையைத் திறந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "நான் மூடல சார்." "நேனு காது சார்." "என் பேரு இருக்கு, ஆனா நான் இல்ல." மேலாளர் அவசரமாக விசைப்பலகையை இழுத்து ஒன்றை மூடப் பார்த்தார். சுவரில் எழுத்துகள் வந்தன: நீங்கள் திறக்காததை நீங்கள் மூட முடியாது.

"சார், அந்த வழி இல்லைன்னு நீங்கதானே சொன்னிய?" என்றார் அம்மையார்.

டாக்டர் அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் நிறம் மாறியதை நான் முழுவதுமாக, நிதானமாகப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்க எனக்கு அவசியமில்லை.

நியாயம் கிடைத்ததா என்றால், இல்லை. "அயிபோயிந்தி கதா மேடம், வதிலேயண்டி" என்று முதலாளி கைகூப்பினார். முடிந்ததை விட்டுவிட வேண்டுமாம். மேலாளர் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போனார், சில ஆண்டுகளில் இங்கேயே இயக்குநராகத் திரும்பியும் வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் அம்மையாரிடம் உச்சரிக்கவில்லை.

லட்சுமிகளின் பிழையை அம்மையார் தாமே சரிசெய்தார். நானே சோதித்தேன், அதன்பின் எந்த லட்சுமிக்கும் மாறிப் போகவில்லை. ஆனால் டிராக்கரில் அதை அவர் மூடவில்லை. பட்டியலின் முதல் வரியாக, சிவப்பில், வாரந்தோறும் சுவரில் விழுந்தது. மூடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். "மூடினது நான்தான்னு அவரு எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். அந்த நிமிஷமே மூடுதேன்" என்பார். ஓய்வு பெற்ற நாளிலும் அதே பதில்.

சென்ற குளிர்காலத்தில் மேலாளர் மாரெட்பள்ளி வீட்டுக்கு ஆப்பிள்களோடு வந்தார். நானும் அங்கிருந்தேன். நிறுவனத்தை விலைக்கு வாங்க வருபவர்கள் டிராக்கரைப் பார்க்கிறார்களாம். இத்தனை காலமாகத் திறந்திருக்கும் பிழை எது என்று கேட்கிறார்களாம்.

"ஒரே ஒரு கிளிக் மேடம். லேப்டாப் கொண்டுவந்திருக்கேன்."

"முதல்ல சொல்லுங்க சார். அப்புறம் கிளிக்."

"இத்தனை வருஷம் கழிச்சு இதெல்லாம் யாருக்கு மேடம் ஞாபகம் இருக்கு?"

"உங்களுக்கு இருக்குல்லா. போதும்."

அவர் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மையார் ஆப்பிளை நறுக்கி எனக்கும் தந்தார். நன்றாகவே இருந்தது.

பிழையை வேறு யாரும் மூட முடியாதா என்று வாசகர் கேட்கலாம். முடியும். அதற்கு, அன்றைக்கு அவர் நீக்கிய கொல்லை வாசலை யாராவது மறுபடி எழுத வேண்டும். எழுதியவர் பெயரைக் கிடங்கு சேமித்துவைக்கும். அந்தப் பெயராக இருக்க அலுவலகத்தில் யாரும் சம்மதிக்கவில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் நான் மேலாளரிடம் சென்றேன். "மன்னிச்சிட்டோம்னு சொன்னீங்களே, அதை மைக்லயே திருத்திச் சொல்லுங்க" என்றேன். "போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு மேடம்" என்று காரில் ஏறிக்கொண்டார். ஒரு வாக்கியத்தில் விடுபட்டிருக்கக் கூடியவர். அவரை விடுவிக்கக்கூடிய ஒரே ஆளை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தோம்.

கிருபா, சமாதானமாக உறங்குங்கள் என்று போதகர் சொல்லிவிட்டார்; நான் வேறொன்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கூட்ட அறை விளக்கை அணைப்பார்கள். சுவரில் முதல் வரி சிவப்பில் விழும். திறந்தவர்: தேவகிருபை சாமுவேல். அதற்கு நேர் கீழே உள்ள நாற்காலி இயக்குநருடையது. போய் வாருங்கள்.