ஒகுதேராவின் குறையாத தம்ளர்

ஜப்பானின் ஹிமேஜி நகரத்தில் குளியலறைக் குழாய் செய்யும் எங்கள் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தும் முராகோஷிக்கு ஒரு விரோதி கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஒன்று முளைத்தது. ஒரு தம்ளர் பீர்.

வருடக் கடைசி விருந்து. திங்கட்கிழமை இடமாற்ற உத்தரவு வரும். முராகோஷிக்கு வடகோடியில் குஷிரோ என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி ஃபுசாயேவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப் போய்க் கூட்டி வர அவரைத் தவிர ஆள் இல்லை. இதை அலுவலகத்தில் சொன்னால் புகார். குடிக்கிற மேசையில் சொன்னால் மனம்விட்ட பேச்சு. அப்படிப் பேச ஒரே வழிதான் உண்டு. மேலாளர் ஒகுதேராவின் தம்ளர் குறையும்போது புட்டியோடு போய் மண்டியிட்டு ஊற்ற வேண்டும். எங்களில் யாரும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. ஊற்ற வந்தவரை இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்புவதும் இல்லை.

இது ஒகுதேராவுக்கும் தெரியும். முதல் வாழ்த்துக்குத் தம்ளரை உதட்டில் ஒற்றியவர் கீழே வைத்தார். அப்புறம் தொடவில்லை. விளிம்பு வரை பீர். யாரும் வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

பச்சை மீன் வந்தது, சுட்ட மீன் வந்தது, பொரித்த கோழி வந்தது. ஒவ்வொன்றுக்கும் முராகோஷி பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"சும்மா உக்காருங்க முராகோஷி சான், முட்டி தேஞ்சுரும்," என்றாள் பக்கத்திலிருந்த இசோபே.

"இன்னும் கொறையலையே."

"எப்படிக் கொறையும்? அவரு போட்டிருக்கறது பூட்டு. கோழியாவது சாப்பிடுங்க, ஒரு துண்டு கெடக்கு."

"நீங்க எடுத்துக்கங்க."

"ஐயோ, நீங்க."

கடைசித் துண்டு. மூன்று பேர் அதன் ருசியைப் பாராட்டினார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. சோறு வந்தபோது முராகோஷி தம்ளரைப் பார்த்தபடியே குச்சிகளைச் சோற்றில் நட்டுவிட்டார், செத்தவருக்குப் படைப்பதுபோல. இசோபே அவற்றைப் பிடுங்கிப் பக்கத்தில் கிடத்தினாள்.

அப்போது ஒகுதேரா கழிப்பறைக்கு எழுந்தார்.

முராகோஷி முட்டியாலேயே நகர்ந்து மேசையின் தலைமாட்டுக்குப் போனார். மேலாளரின் தம்ளரை எடுத்தார். அந்தச் சூடேறிய, நுரை செத்த பீரை ஒரே மூச்சில் குடித்தார். பதினெட்டு பேர் ஒரே நேரத்தில் மேற்கூரையை ஆராய்ந்தோம்.

ஒகுதேரா திரும்பி வந்து உட்கார்ந்தார். தம்ளரைப் பார்த்தார். முராகோஷியின் ஈர உதட்டைப் பார்த்தார்.

"ஹீட்டர் ஜாஸ்தி போல. பீரெல்லாம் வத்திப் போச்சு."

"ஊத்தறேன் மேனேஜர் சார்." முராகோஷி இரண்டு கையாலும் புட்டியைச் சாய்த்தார். "இந்த வருஷம் முழுக்க ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். அது வந்து, வீட்டுல அவளுக்கு..."

நுரை எழும்பி விளிம்பைத் தொட்டது.

"போதும், போதும். நெறைஞ்சிருச்சு பாருங்க," என்றார் ஒகுதேரா, மிகவும் அன்பாக.

முராகோஷி பார்த்தார். அவர் கையாலேயே நிறைத்திருந்தார்.

விருந்தை ஏற்பாடு செய்தவர் எழுந்து நின்று எல்லோரையும் அழைத்தார். முடிவுக்கு ஒரே ஒரு கைதட்டல், எல்லோரும் சேர்ந்து. அதற்குப் பிறகு மேசையில் பேச்சு கிடையாது. தட்டினோம். முராகோஷியால் தட்ட முடியவில்லை, கையில் புட்டி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

செருப்பு தேடும் சந்தடியில் நான் திரும்பிப் பார்த்தேன். கோழித் துண்டு அங்கேயே இருந்தது. முராகோஷி இன்னும் மண்டியிட்டிருந்தார்.

"செவ்வாய், வியாழன், சனி," என்று சொல்லிக்கொண்டிருந்தார், மேலாளர் உட்கார்ந்திருந்த காலி இருக்கை மெத்தையிடம்.