மாமா வாங்கி வந்த ஜப்பான் அடுப்பு

அந்தத் தாள் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும். கப்பலில் எஞ்சினீயராக இருந்த சின்ன மாமா, ஜப்பான் துறைமுகம் ஒன்றிலிருந்து எனக்கு எழுதிய கடிதத்துக்குள் அதை மடித்து வைத்திருந்தார். முட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி மூன்று அடுப்புகளின் படம். சிறியது, நடுத்தரம், பெரியது. மூன்றும் தடித்த பீங்கானில் செய்தவை; மூன்றுக்கும் கீல் வைத்த கனமான மூடி. ‘இதற்குக் கமாடோ என்று பெயர். அவர்கள் பாஷையில் அடுப்பு என்றுதான் அர்த்தம். நம் புறவாசலுக்கு எது சரிப்படும் என்று நீ அளந்து பார்த்துச் சொல். வேறு யாரையும் கேட்கப்போவதில்லை’ என்று எழுதியிருந்தார். எழுபதுகளின் பின்பாதி அது. எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. அதுவரை எங்கள் மேலகரத்து வீட்டில் என்னை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. தீபாவளிக்குப் பாவாடைத் துணிகூட அப்பா எடுத்து வருவதுதான்.

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். துவைகல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவில் சாக்பீஸால் மூன்று வட்டங்கள் போட்டேன். சிறியதில் நாலு கத்திரிக்காய்க்கு மேல் வைக்க முடியாது. நடுத்தரம் போதும் என்றாள் அம்மா. ஆனால் சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். பத்துப் பேருக்கு ஒரே சூட்டில் கிழங்கு சுட வேண்டும், மாமா எழுதியிருந்தபடி ரொட்டியும் சுட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெரியதே இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.

அடுத்த விடுப்பில் வந்த மாமாவோடு அதுவும் தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்தது. வைக்கோல் திணித்த மரப்பெட்டியை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். பாசிப் பச்சை நிறம். கீழே காற்றுப் போக ஒரு சின்னக் கதவு, மூடியின் உச்சியில் புகை போக ஒரு துவாரம். இரண்டையும் எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு சூடு, இரண்டையும் மூடிவிட்டால் தீ தானாக அணைந்துவிடும், மிச்சக் கரி மறுநாளைக்கு ஆகும் என்று மாமா சொல்லித் தந்தார். ஒரு வாரத்தில் அவரைவிட எனக்கு அது நன்றாகப் பிடிபட்டுவிட்டது. சேனைக்கிழங்கும் மரச்சீனிக்கிழங்கும் பலாக்கொட்டையும் சுட்டுப் போட்டேன். வெளியே சாரல் அடிக்கும்போது உள்ளே வெந்த கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “ஏட்டி, கப்பல்ல இருக்க குக்கெல்லாம் உங்கிட்ட வந்து படிக்கணும்” என்பார் மாமா. அந்த வீட்டில் என்னைப் பெரிய மனுஷியாக நடத்திய ஒரே ஆள் அவர். பாளையங்கோட்டைக் கல்லூரியில் பி.யு.சி. சேர விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இடம் கிடைத்து, ஹாஸ்டலுக்கு டிரங்குப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. அப்பா மட்டும் சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் இருந்தார்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்தது கிடையாது. கிருத்திகை அன்று அப்பாவும் அம்மாவும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிருந்தபோது, மாமா தென்காசியிலிருந்து வாழையிலையில் பொதிந்த கோழியோடு வந்து நின்றார். வருஷத்தில் பத்து மாதம் கப்பலில் கறி தின்று பழகிய நாக்கு. நான் இரண்டடி பின்னால் போனேன். “ஒரே ஒரு நாள். மூடி போட்டுட்டா வாசனை வெளிய வராது. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிடுதேன், நீ ஏன் பயப்படுத?” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரியை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. அவர் தின்று முடித்ததும் கம்பி வலையைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன்.

உட்சுவரைத் தேய்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் சாயங்காலம் சேனைக்கிழங்குக்காகத் தீ மூட்டியதும் பீங்கானில் படிந்திருந்த கொழுப்பு உருகிக் கருகி, வாடை வீடு முழுக்கப் பரவியது. அப்பா புறவாசலுக்கு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

“இதுல என்ன வச்சுச் சுட்டது?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து நிதானமாகத் துடைத்தார்.

“எனக்கு என்ன தெரியும் அத்தான்? நேத்து நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிட்டேன்லா. அடுப்பு அவ பொறுப்பு. அவகிட்டயே கேளுங்க.”

அவர் அடுத்த வார்த்தையில் சிரித்துவிடுவார், உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவின் தம்பிக்கு இந்த வீட்டில் இனி இடம் இருக்காது என்று பயந்தேன். அதோடு, அவரே வந்து சொல்லுவார் என்று ராத்திரி வரைக்கும் நம்பினேன். என் மௌனத்தை அப்பா ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். “இங்கன கண்ணு முன்னால இருக்கும்போதே இப்படின்னா, ஹாஸ்டல்ல போய் என்னத்தையெல்லாம் திம்பா? படிச்சது போதும்” என்றார். டிரங்குப் பெட்டியில் அம்மா பழைய போர்வைகளை அடுக்கி வைத்தாள். மாமா கப்பலுக்குப் புறப்பட்டபோது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில் என்னைச் சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் நல்லவர். ஆனால் கடைக்கு வரும் பிள்ளைகள் காலேஜ் என்று சொல்லும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன். அப்போதெல்லாம் எனக்கிருந்த ஒரே ஆறுதல், அப்பாவுக்கு உண்மை தெரியாது என்பது. தெரியும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுவார் என்று பலவிதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் மாமா கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தென்காசியில் வீடு கட்டினார். பல வருஷம் சாக்கு மூடிக் கிடந்த அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இலையில் உட்கார்ந்திருந்த என் பிள்ளைகளிடம், “ஒங்கம்மா இந்த அடுப்புல என்ன செஞ்சா தெரியுமா? யாருக்கும் தெரியாமக் கோழியச் சுட்டுத் தின்னுட்டா” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டிருந்தார்.

“கோழி வாங்கிட்டு வந்தது நீங்க, மாமா. தின்னதும் நீங்கதான்” என்றேன்.

மாமா பரிமாறுவதை நிறுத்தினார். அப்பா மோர்ச் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “அது எனக்கு அன்னைக்கே தெரியும். பண்பொழி பஸ்ல உக்காந்திருக்கும்போதே இவன் கோழிக்கடையில நிக்கதைப் பாத்தேன்.”

நான் அப்பா பக்கம் திரும்பினேன். “பெறகு ஏன்ப்பா?”

“உன்னைய அனுப்ப எனக்கு மனசில்ல. வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்துது” என்றார். மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். அப்புறம் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். மாமா மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் எழுந்து ஊற்றினேன். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு ஆளைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஊற்றும்போது அம்மாவைப் பார்த்தேன். அவள் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பஸ்ஸில் அம்மா எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள், இல்லையென்றால் குமட்டும். அன்றைக்கு அப்பா கண்ணில் பட்டது அவள் கண்ணிலும் பட்டுத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை இப்போது. அம்மா சுரண்டையில் என்னோடுதான் இருக்கிறாள். காலையில் தலை பின்னிவிடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அவளிடம் மட்டும் அதை இன்னும் கேட்கவில்லை.